ஈரக் கையுறை

மகளின் ஐஸ் ஹொக்கிக் கையுறைகளைத் தயாளினி மூன்று கடை ஏறி இறங்கி, விரல்நுனி இடிக்காததாகப் பார்த்து வாங்கியிருந்தாள். விவாகரத்தின் பின் ஆரணிக்கு ஒரு வாரம் தாய் வீடு, மறு வாரம் தகப்பன் வீடு. இம்முறை அவள் திரும்பியபோது கையுறைகளில் வியர்வை நாற்றமே இல்லை. கிழிந்திருந்த உள்ளங்கையில் புதுத்தோல் வைத்துத் தைத்திருந்தது.

“ஆர் தைச்சது?”

“சுகந்தி அன்ரி,” என்று தகப்பனின் புது மனைவியைச் சொன்னாள் ஆரணி. “ஒவ்வொரு நாளும் ஃபானுக்கு முன்னால காய வைக்கிறவ.”

ஞாயிறன்று, பயிற்சியில் நனைந்த கையுறைகளைத் தயாளினி அப்படியே பையில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை மகள் போன் எடுத்தாள். “அம்மா, பையை இண்டைக்குத்தான் திறந்தது, கிளவ்ஸ் முழுக்கப் பூஞ்சணம். அப்பாவுக்குச் சரியான கோபம். அன்ரி, தான்தான் காய வைக்க மறந்திட்டன் எண்டு சொன்னவ.”



“மறதிக்காரி,” என்றாள் தயாளினி.