பதினைந்தாவது குரல்

எங்கள் மழலைப் பள்ளியில் சிக்னல் கிடைப்பது சன்னலோரம் ஒரு சாண் இடத்தில் மட்டும்தான். ஆசிரியை மெரெசெய்னி அங்கே கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள். கடல் கொந்தளிப்பில் எங்கள் தீவுக்குப் படகு வரவில்லை. அதனால் தலைநகர் சுவாவிலிருந்து அதிகாரி அம்மாள் போனிலேயே தலை எண்ணுகிறார். பதினைந்து பிள்ளைகள் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் அரசு உதவி. ஒன்று குறைந்தாலும் பள்ளிக்குப் பூட்டுத்தான். தாழம்பாயில் பதினான்கு பிள்ளைகள் பெயர் சொல்லி முடித்துவிட்டார்கள். தகரக் கூரையில் மழை இரைகிறது. வாசலில் நனைந்தபடி நிற்கும் தாய்மார்கள் நாங்கள் மூச்சுவிடவும் யோசிக்கிறோம்.

“தராய்வினி இருக்காளா?” என்கிறது போன். நான்கு வயது தராய்வினி இரண்டு புருவங்களையும் உயர்த்துகிறாள். ஆமாம் என்பதற்கு இங்கே புருவத்தை உயர்த்தினால் போதும்; பெரியவர்களே வாயைத் திறப்பதில்லை. “ஒண்ணும் கேக்கலையே.” “இருக்கா மேடம், என் முன்னாலதான் உக்காந்திருக்கா.” “நீங்க சொன்னா செல்லாது டீச்சர். பிள்ளை குரல் வேணும்.” மெரெசெய்னி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துப் போனருகே கொண்டுபோகிறாள். “வாயத் தொறந்து சொல்லும்மா.” “வீட்டுல இவ வாய மூட வைக்கத்தான் நான் படாத பாடு படுறேன்,” என்று தராய்வினியின் அம்மா என் காதில் முனகுகிறாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

“கடைசியா கேக்குறேன். பாப்பா, நீ இருக்கியா?”

தராய்வினி போனை நேராகப் பார்க்கிறாள். நெற்றி சுருங்கி உச்சிமுடி அசையும் அளவுக்குப் புருவங்களை உயர்த்துகிறாள், உயர்த்தியபடியே வைத்திருக்கிறாள். இதைவிட உரக்கச் சொல்ல அவளுக்குத் தெரியாது.