சுருள் மண்டலத்தின் மறுப்பு

விண்மீன் மண்டலங்களுக்கு ரோஷம் கிடையாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும் பிழை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

வெகுதொலைவில் ஒரு சுருள் மண்டலம் இருந்தது. வழிப்போக்கு ஒளிக்கதிர் ஒன்று சொன்ன செய்தியை, பக்கத்திலிருந்த குட்டி மண்டலம் அதனிடம் கொண்டுவந்தது.

"அக்கா, பூமியில ஒரு தொலைநோக்கி உங்களைப் பத்திப் பேசுதாம். நீங்க ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கீங்களாம், நடுவுல பருத்திருக்கீங்களாம்."

"சொல்லட்டும். அதுக்குக் கண்ணு கோணல்."

"அதைப் பார்த்து விலகி ஓடுறீங்கன்னும் சொல்லுதாம்."

சுருள் மண்டலத்துக்குச் சுருக்கென்றது. "ஓடுறேனா? நான் இருந்த இடத்துலேயே இருக்கேன். ஓடுறது அவங்க. கூப்பிடாமலே எட்டிப் பார்த்துட்டு, பழியை என் மேல போடுறதா?"

"விடுங்கக்கா. தூரத்துல இருக்கிறவங்க."

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிடும். இவ்வளவு காலம் மானமா சுத்தினவ நான்."

அது தன் வலக்கையின் நுனியில் இருந்த நட்சத்திரத்தை, இருந்ததிலேயே பெரியதை, வெடிக்கவைத்துக் காட்டியது. மண்டலம் முழுவதையும் மங்கவைத்த அந்த வெளிச்சம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து தொலைநோக்கி இருந்த மலைக்கு வந்து சேர்ந்தது.

அங்கே அப்போது பருவமழைக் காலம். கூரையை மூடிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.