நுனியில் பந்து செருகிய கம்பு

"பால்கனியில இருந்து தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன்! பெத்த பொண்ணு தலையில இப்படியா கம்பால அடிப்பீங்க?"

பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வைத்தீஸ்வரன் நீச்சல் குளத்தருகே நின்று கத்தினார்.

"அப்புறம் பேசலாம் சார்" என்ற கிறிஸ்டினா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃப்ரீஸ்டைலில் தேசிய சாம்பியனான அவள் மகள் ஷீலா வேகமாக நீந்தி வந்துகொண்டிருந்தாள். நுனியில் டென்னிஸ் பந்து செருகிய கம்பைக் கிறிஸ்டினா நீட்டினாள்.

"மெடல் வெறி பிடிச்சு ஆட்டுதா உங்களுக்கு?" அவர் கம்பைப் பிடுங்கினார்.

ஷீலாவின் தலை சுவரில் மோதியது.

"கம்பால தட்டினாத்தான் சார் சுவர் வந்துடுச்சுன்னு அவளுக்குத் தெரியும்! அவளுக்குக் கண்ணு தெரியாது!" அலறியபடி கிறிஸ்டினா குளத்தில் குதித்தாள்.

ரத்தம் வழியும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஷீலா சீறினாள்.

"ஏம்மா தட்டல?"