முன்சீட்டுப் பெரியவர்

"கல்யாணத்துக்கு முந்தியே அந்த ஆம்புலன்ஸ் வேலைய விட்ரும்மா. நடுராத்திரியில வண்டியேறிப் போற மருமகள நான் எங்கன போயித் தேட?"

திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு நடுவே நின்று நாகஜோதி இப்படிச் சொன்னதும், உமாதேவிக்கு மகாலும் மறந்தது, மதுரையும் மறந்தது. அடுத்த மாதம் மாமியாராகப் போகிறவள் சொல்கிறாள். எதிர்த்துப் பேசினால் வாயாடி என்று பெயர் வரும். பேசாமல் இருந்தால் வேலை போகும். ஆம்புலன்ஸில் போய் முதலுதவி செய்கிற அந்த வேலைக்காகத்தான் அவள் வீட்டில் சண்டை போட்டுப் படித்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். கூடலூர்த் தோட்டத்தில் திராட்சை வியாபாரிகளிடம் ஊருக்கே கேட்கக் கத்துகிற கருத்தக்கண்ணன், சம்பந்தியம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டையை வைத்தவர் போல நின்றார். மாப்பிள்ளை அருண்பாண்டியைப் பார்த்தாள். அவன் மும்முரமாக விதானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

முகூர்த்தப் பட்டு எடுக்க ரெண்டு வீட்டாரும் சேர்ந்து மதுரைக்குப் போவது, அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. வேன் பேசியது மாப்பிள்ளை வீட்டார். அது தேனியிலிருந்து காலையிலேயே கூடலூர் வந்துவிட்டது. முன்சீட்டில் வெள்ளை வேட்டியும் முறுக்கு மீசையுமாக ஒரு பெரியவர்.

"பாத்தியாத்தா? வண்டிய மட்டும் அனுப்பாம, கூட்டிட்டுப் போக வீட்டுப் பெரியவரையும் அனுப்பியிருக்காக. மரியாதை தெரிஞ்ச சனம்!" என்று அப்பா பூரித்துப்போனார். உடனே அவரை இறக்கிக் காப்பி கொடுத்து, புதுத் துண்டு ஒன்றையும் போர்த்திவிட்டார். மாப்பிள்ளைக்கு அவர் என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை. நிச்சயத்துக்கு வந்த அவ்வளவு கூட்டத்தில் முகம் மறந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

தேனியில் வண்டி ஏறியபோது நாகஜோதியே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மீனாட்சி கோயிலில் டிரைவர் சங்கிலிகூட அவர் கையைப் பிடித்துப் பதவிசாக நடத்திக் கூட்டிப்போனான். மத்தியானம் சாப்பாட்டில் முதல் இலை அவருக்குத்தான். மனுஷர் இதுவரை வாயே திறக்கவில்லை. அந்த மீசையைப் பார்க்கப் பார்க்க உமாதேவிக்குப் பயமாக இருந்தது.

"என்னம்மா, பதிலையே காணோம்?" என்ற நாகஜோதி பெரியவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத் தட்டாது."

உமாதேவி அந்த மீசையை இன்னொரு முறை பார்த்தாள். அண்ணனா! தங்கச்சி பக்கம் பேசாமல் வேறு யார் பக்கம் பேசுவார்? வேலை போனது போனதுதான்.

பெரியவர் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி தரையைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமினார்.

"போன மழைக்கு வருசநாட்டுல ஒரு ஆளப் பாம்பு கடிச்சிருச்சு. நல்ல ராத்திரி. ஆம்புலன்ஸ்லருந்து ஒரு பொம்பளப் புள்ளதேன் குதிச்சு ஓடியாந்துச்சு. அது மட்டும் வீட்டுல படுத்துத் தூங்கியிருந்தா அந்த ஆளு இன்னைக்கு இல்ல."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது யாரு வீட்டுப் புள்ளையோ, இன்னைக்கு வரைக்கும் தெரியல. அப்படி ஒரு புள்ள நம்ம வீட்டுல இருந்தா நமக்குத்தேன பெருமை? போகட்டும்த்தா."



"அண்ணனே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் நாகஜோதி கடைசியில். "போயிட்டு வரட்டும். ஆனா ராத்திரியில சுவெட்டரு போடாமப் போகக் கூடாது, ஆமா!"

"நானும் அதத்தேம்மா சொல்ல வந்தேன்" என்று அருண்பாண்டி போனை இறக்கினான். நேரம் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறான் மகராசன்.

உமாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் தூண்கள் எவ்வளவு பெரியவை என்று தெரிந்தது. பிறகு போன கடையில் முதலில் விரித்த பட்டே பிடித்துவிட்டது.

சாயங்காலம் தேனியில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். பெரியவர் மட்டும் இறங்கவில்லை. நாகஜோதி முன்பக்க ஜன்னலுக்கு வந்து கை கூப்பினாள்.

"நிச்சயத்துக்கு வரலையேன்னு மனசுல ஒரு வருத்தம் இருந்துச்சுண்ணே. இன்னைக்கு வந்துட்டீக. பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்க சொன்ன வாக்க நாங்க மீறுவமா? கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துருங்க!"

உமாதேவியின் ஒரே தாய்மாமன் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உமாதேவி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

வண்டி கம்பம் சாலைக்குத் திரும்பியதும் கருத்தக்கண்ணன் காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏப்பா சங்கிலி, அப்ப இவுக மாப்பிள்ளை வீட்டு ஆளு இல்லையா?"

சங்கிலி தலையைச் சொறிந்தான். "எங்கப்பாண்ணே. பாம்புக்கடியில பொழச்சதுலருந்து மதுரைய ஒருதடவ பாத்துரணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. முன்சீட்டு சும்மாதேன கெடக்குன்னு கூட்டியாந்தேன். காலையில நீங்க துண்டப் போத்தவும் எனக்கு உண்மையச் சொல்ல வாய் வரல."

பெரியவர் அந்தத் துண்டைச் சரிசெய்துகொண்டு, மெல்லப் பின்னால் திரும்பினார்.

"ஏத்தா, கல்யாணத்தன்னைக்கு நான் எந்தப் பக்கம் உக்காரணும்?"