எதிர்மாடித் துணிக்கொடி

கணவர் இறந்தபின் தையல்காரி சௌந்தரவல்லி ஏழு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. மகள் தமயந்தி ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். என்ன கிழமை என்று கேட்டால் விழிப்பாள். ஒரு காலையில் எதிர்மாடிக் கொடியில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கைக்குழந்தையின் சட்டை தொங்கியது. மறுநாள் நடைபழகும் பிள்ளையின் கவுன். அதற்கடுத்த நாள் பள்ளிச் சீருடை.

"ஒரே நாள்ல எப்படிடி இவ்ளோ வளரும்?" என்று எழுந்து உட்கார்ந்தாள் அம்மா.

அதன்பின் அவளை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் தலைவாரி, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். கண்ணாலேயே தோளளவு எடுத்துக் காலண்டர் தாளில் குறிப்பாள். நாலு இட்லி கேட்டு வாங்கித் தின்றாள்.

"அந்த வீடு மூணு வருஷமா பூட்டிக் கெடக்கும்மா. வாட்ச்மேன் சொன்னாரு."

"அப்ப இன்னும் நல்லாப் பாக்கணும்."

தாவணி வந்தது, கூரைப்புடவை வந்தது, பிள்ளைத்தாய்ச்சியின் தளர்ந்த ரவிக்கை வந்தது. இன்று தொங்கியது ஒரு பழுப்பு ரவிக்கை. அக்குளில் பச்சை நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. தமயந்தி மெல்லத் திரும்பினாள். பழுப்பு நூல் தீர்ந்துபோய், நேற்றுத்தான் பல மாதம் கழித்து மெஷினில் உட்கார்ந்து அம்மா போட்ட ஒட்டு அது. அந்த ரவிக்கை அம்மாவின் உடம்பில்தான் இருந்தது.

ஜன்னலைச் சாத்தப் போனவளின் கையை அம்மா இறுகப் பிடித்தாள்.

"சாத்தாதடி. நாளைக்கு என்ன காயப்போடறாங்கன்னு பாக்க வேணாமா?"