நாற்பத்து மூன்று தலைகள்

“மேடம், இந்தப் படகுல நாற்பத்து மூணு தலை எண்ணிட்டேனுங்க. மூழ்கற மாதிரி தெரியுது. ஆபத்துன்னு குறிக்கட்டுங்களா?”

ஜெசிகா காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “அவசரப்படாதே தமிழ்ப்ரியா. ஸ்வல்ப நிதானமா பாரு.”

மைசூர் ஹெப்பாளில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். எங்கோ தூர தேசத்துக் கடலின் மேல் விமானம் பறந்து படம் எடுக்கும். சில நிமிடங்களில் அந்தப் படம் இங்கே வந்துவிடும். படகைச் சுற்றிக் கட்டம் போட்டு, மீன்பிடிப் படகா, சந்தேகப் படகா, ஆபத்தில் இருக்கும் படகா என்று குறிக்க வேண்டும். மைசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மாதச் சம்பளம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

சந்தேகம் என்று குறித்தால் காவல் கப்பல் மெதுவாகப் போய், படகை வந்த வழியே விரட்டிவிடும். ஆபத்து என்று குறித்தால் காப்பாற்றும் கப்பல் உடனே போகும். தமிழ்ப்ரியாவுக்கு இது நான்காவது நாள். ஹனூர் பக்கத்து விவசாயி மகள், கடலை நேரில் பார்த்ததே கிடையாது. முதல் வாரம் முழுக்க சூப்பர்வைசர் ஜெசிகாவைக் கேட்காமல் எதையும் குறிக்கக் கூடாது என்பது உத்தரவு.

“வலை இருக்கா?” ஜெசிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இல்லீங்க.”

“கொடி? விளக்கு? பக்கவாட்டுல பேர், நம்பர் ஏதாவது?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப சந்தேகம்தானே? ரூல் அப்படித்தான் சொல்லுது. அந்த வழியா துப்பாக்கி வருது, போதை மருந்து வருது, ஆள் கடத்தற கும்பல் வருது. அந்த நாட்டுக்காரங்க பயப்படறதுலயும் நியாயம் இருக்கும்மா. நம்மை வேலைக்கு வெச்சிருக்கிறதே அதுக்குத்தான்.”

“கைக்குழந்தையோட ஒரு பொம்பளை இருக்குதுங்க. அப்படி யாராவது துப்பாக்கி கடத்துவாங்களா மேடம்?”

“அது குழந்தையா மூட்டையான்னு அவ்வளவு உயரத்துல இருந்து எப்படித் தெரியும்?”

தமிழ்ப்ரியா அடுத்த படத்தைத் தட்டினாள்.

“முந்தின படத்துல அந்தப் பொம்பளை மடியில இருந்துச்சுங்க. இதுல ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்குது. எங்க ஊர்ப் பக்கம் ஆத்துல பரிசலுக்குள்ள தண்ணி ஏறினா, முதல்ல குழந்தையைத்தான் இப்படித் தூக்குவாங்க. மூட்டையை யாருங்க தூக்குவாங்க?”

ஜெசிகா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

“அளவுக்கு மீறி ஆள் ஏத்தினா படகு தாழ்ந்துதான் தெரியும்,” என்றாள் பிறகு. “பொய்யா ஒரு தடவை கப்பலை இழுத்துட்டோம்னா, அதே நேரத்துல வேற இடத்துல நிஜமாவே மூழ்கறவங்களுக்கு யார் போவாங்க? அதையும் யோசிக்கணும்.”

நியாயமான கேள்விதான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் சில சமயம் பொல்லாத கோபம் வருகிறது. தமிழ்ப்ரியாவுக்கும் வந்தது.

ஒரு படத்துக்கு நாற்பது நொடி என்பது கணக்கு. பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. அவள் மூன்றாவது படத்தைத் திறந்தாள். படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் போயிருந்தது. ஆட்கள் எல்லோரும் பின்பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்றுதான் வந்தது.

“ரெண்டு பேரைக் காணோமுங்க.” அவள் ஜெசிகா பக்கம் திரும்பினாள். “மேடம், உங்க கால்ல விழறேன், ஒருதடவை திரும்பிப் பாருங்க. நீங்க ரூல் பேசிட்டிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் அங்கே தண்ணி ஏறிட்டே இருக்குது. சந்தேகம்னு என்னால குறிக்க முடியாதுங்க. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.”

“நிச்சயமா? குறிச்சுட்டா மாத்த முடியாது. யாராலயும் முடியாது.”

“நிச்சயமாங்க.”

“அப்ப உன் இஷ்டம்.”

தமிழ்ப்ரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆபத்து என்ற கட்டத்தை அழுத்தினாள். திரை பச்சையாக மாறியது. அதுவரை அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

“கப்பல் கிளம்பியிருக்குமுங்களா மேடம்? அவங்ககிட்ட போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?”

ஜெசிகா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தாள்.

“கப்பல் எதுவும் கிளம்பாதும்மா. இது புதுசா சேர்றவங்களுக்கு வைக்கிற பரீட்சை. விடை தெரிஞ்ச பழைய படத்தைத்தான் இதுக்கு வைப்பாங்க. நீ பாஸ் ஆயிட்டே.”

“அப்ப அந்த ஜனங்க?”

“போன வருஷம் மார்ச்லயே மூழ்கிட்டாங்க. அன்னைக்கு இதைச் சந்தேகம்னு குறிச்சது நான்தான்,” என்றாள் ஜெசிகா. “உனக்கு முன்னாடி பத்துப் பேருக்கு இந்தப் படத்தைக் காட்டிட்டேன், என்னை மாதிரி ஒருத்தராவது தப்பாக் குறிக்க மாட்டாங்களான்னு பார்க்கிறேன், ஒருத்தரும் குறிக்க மாட்டேங்கறீங்க.”