மஞ்சள் இல்லாத குழம்பு

ஆலைக் கழிவின் ஈயம் குடிநீரில் கலந்த ஊர் அது. பலருக்கும் மறதி பிடித்திருந்தது. தணிகாசலத்தின் மனைவி சுலோச்சனாவோ, காய்ச்சலில் இறந்துபோன மகன் பரிதி பள்ளிக்கூடம் போயிருப்பதாகவே நம்பி, மாலையானால் அவனுக்குத் தோசை வார்த்து வைப்பாள்.

சுகாதார நிலையத்தில் புதுவகை மஞ்சள்தூள் கொடுத்தார்கள். ஈயம் மூளையைத் தின்னாமல் அது காக்கும் என்றார்கள். தணிகாசலம் அதைத் தினமும் குழம்பில் போட்டான். சுலோச்சனாவின் கைநடுக்கம் நின்றது. அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் மாலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைய நாமதானே கொண்டுபோய்ப் பொதைச்சோம்?"

அவன் தலையசைத்தான். அதன்பிறகு அவள் உறங்கவே இல்லை. அழுது ஓய்ந்த ஒரு காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த மஞ்சள் வேணாங்க. முன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன்."

"மறுபடியும் எல்லாம் மறந்துடும், சுலோ. என்னையும் மறந்துடுவ."

"பரவால்ல. அவன் இருக்கான்னு நெனச்சுக்குவேன்ல."

"அப்ப நானும் நிறுத்திடறேன்."

"நீங்க நிறுத்தாதீங்க. ரெண்டு பேரும் மறந்துட்டா, அவன் செத்த நாளுக்கு வெளக்கேத்த யாரு இருக்கா?"

மறுநாள் தணிகாசலம் அடுப்பில் இரண்டு சட்டிகளை வைத்தான். ஒன்றில் மட்டும் மஞ்சள் போட்டான். மற்றதை அவள் சோற்றில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் தட்டுடன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான்.